இது செட்டாகுமா?

திருச்சி விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டை சாலையில். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களை ஏற்றிவிடவும், வருகிறவர்களைப் பெட்டி படுக்கையோடு கூட்டிவரவும் ராப்பகலாக வண்டி ஓடுகிற சாலை அது. கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், நம் புதுக்கோட்டையின் டி.என். 55 எண் போட்ட பழைய டாடா இண்டிகா ஒன்றாவது கடந்துபோகும். பெயின்ட் வெளுத்திருக்கும், பம்பரைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். ஆனாலும் ஐந்து பேர் போகவேண்டிய காரில் ஏழு பேரை அடைத்துக்கொண்டு தொண்ணூறில் போகும். அந்தக் காருக்குள் இருப்பது அதன் சொந்தக் கியர்பாக்ஸ்தான் என்று மட்டும் யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

ஒரு மாடலின் கியர்பாக்ஸைக் கழற்றி வேறு மாடல் பழைய டீசல் காரில் ஏற்றுகிற வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். காசில்லாதவன் செய்யும் ஒட்டுவேலை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. இளவட்டங்கள் சிலர் இதை மந்திரவித்தைபோலக் கொண்டாடுகிறார்கள். இந்தக் கைத்தொழிலில் எது வித்தை, எது வெறும் துணிச்சல் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு இவ்வளவு இடம் ஏன்? டெல்லி வட்டாரத்தில் பத்து வயது கடந்த டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. தமிழ்நாட்டில் அப்படி வயது வரம்பு வைக்கவில்லை. சொந்த உபயோகக் கார் பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆகவே இங்கே வண்டி சாவதில்லை, அதன் உறுப்புகள்தான் ஒவ்வொன்றாகப் போகின்றன. இண்டிகா 1998 டிசம்பரில் வந்த கார். 2018-இல் உற்பத்தி நின்றுவிட்டது. இன்றைக்கு அதற்குப் புது கியர்பாக்ஸ் கேட்டுக் கடைக்குப் போனால், கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அப்படியே கிடைத்தாலும் அந்த விலைக்கு இன்னொரு பழைய காரையே வாங்கிவிடலாம். ஆகவே காயலான் கடை. அங்கே இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள்.

அங்கே போகிறவருக்கு முதல் கண்ணி விஸ்டா. 2008-இல் வந்த இண்டிகா விஸ்டாவில் இரண்டு டீசல் எஞ்சின்கள் இருந்தன. ஒன்று டாடாவின் சொந்த 1.4 லிட்டர், பழைய இண்டிகாவின் 1405 சி.சி. எஞ்சின் வழியில் வந்தது. இன்னொன்று ஃபியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட். அதற்கு டாடா வைத்த பெயர் குவாட்ராஜெட். டாடா எஞ்சினுக்கு டாடா கியர்பாக்ஸ், ஃபியட் எஞ்சினுக்கு ஃபியட்டின் சி-549. வெளியே பார்த்தால் ஒரே கார்தான். "விஸ்டா பாக்ஸ் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொன்னதை நம்பித் தூக்கிவந்தால், பட்டறையில் இறக்கிய பிறகுதான் தெரியும், எஞ்சின் முதுகில் இருக்கிற துளையும் பாக்ஸின் வாயில் இருக்கிற துளையும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்று.

மல்டிஜெட் விஷயத்தில் இந்த மயக்கம் இன்னும் பெரியது. 2007-இல் வந்த டீசல் ஸ்விஃப்ட்டில் அந்த எஞ்சின்தான். ரிட்ஸ், டிசையர், எர்டிகா, புன்டோ, லீனியா எல்லாவற்றிலும் அதுதான். 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்று வண்டிக்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள். எஞ்சின் ஒன்றுதானே, எந்தக் கம்பெனிப் பாக்ஸும் செட்டாகிவிடும் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கியர் லிங்க் கம்பியா கேபிளா, மவுண்டிங் எந்த மூலையில் உட்கார்கிறது, டிரைவ் ஷாஃப்ட் முனையில் எத்தனை பல், ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம் நுழைகிறது என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனிக்குள், ஒரே எஞ்சின் குடும்பத்துக்குள் மாற்றுவதுதான் உருப்படியான வழி. இண்டிகாவுக்கு, அதே டாடா எஞ்சின் வைத்த இண்டிகோ. பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு, அதே மாருதி வீட்டு டிசையர். அப்போதும் ஆண்டையும் எண்ணையும் ஒத்துப் பார்த்துக்கொண்டுதான் பாக்ஸைத் தொட வேண்டும்.

கெட்டுப்போனதற்கு மாற்று தேடுவது ஒரு வகை. நன்றாக இருக்கும்போதே வேறு பாக்ஸ் தேடுவது இன்னொரு வகை. ருசி கண்டவர்கள் பேசுவது இரண்டாவதைத்தான். பழைய டீசல் கார் நூறில் போகும்போது கத்துகிறது, ஆறாவது கியர் இருக்கிறதா என்று கை தானாகத் தேடுகிறது. இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பயப்பட வேண்டாம். பதினான்கு அங்குல ரிம்மில் 165/80 டயர் ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 1.95 மீட்டர் போகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 855 சுற்று. கடைசிக் கியரின் விகிதத்தையும் கிரவுன் விகிதத்தையும் பெருக்கினால் 3 வருகிறது என்று வைத்துக்கொள்வோம், எஞ்சின் சுமார் 2,570 சுற்றில் ஓடும். வேறு மாடலின் பாக்ஸில் அந்தப் பெருக்கல் 2.7 என்றால் 2,310 போதும். நிமிடத்துக்குச் சுமார் இருநூற்றறுபது சுற்று குறைகிறது. காதுக்கும் டீசலுக்கும் அது தெரியும்.

புதுக்கோட்டைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். கீரனூர் வழியாகத் திருச்சி, கந்தர்வகோட்டை வழியாகத் தஞ்சாவூர், கட்டுமாவடியிலிருந்து கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலை, எல்லாம் சமதளம். நார்த்தாமலையையும் சித்தன்னவாசலையும் மலை என்று சொல்வது நம் பாசம். வண்டிக்கு அவை தெரியவே தெரியாது. ஆனால் அதே கார் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறும்போது கதை வேறு. இழுவை குறைந்த கியரில் எஞ்சின் முக்கும், ஏ.சி.யை அணைக்க வேண்டிவரும், கிளட்ச் பிளேட் வாடை வரும். வண்டி எந்த ஊர்ச் சாலையில் ஓடப்போகிறது என்று கேட்காமல் பாக்ஸைத் தேர்ந்தெடுக்கிறவரை நான் கைதேர்ந்தவர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெட்ரோல் காரின் பாக்ஸை டீசலில் ஏற்றுவது இன்னும் மோசம். முதல் ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் எஞ்சின் தந்த முறுக்கு 113 நியூட்டன் மீட்டர், டீசல் எஞ்சின் தந்தது 190. பெட்ரோல் பாக்ஸ் அதிகச் சுற்றுக்கும் குறைந்த முறுக்குக்கும் வார்த்தது. டீசலோடு சேர்த்தால் கத்தவும் செய்யும், பல்லும் போகும்.

என் மனதுக்குப் பிடித்தது, பாக்ஸை இறக்காமலே செய்கிற வேலை. முன்சக்கரம் இழுக்கிற பல கார்களில் ஐந்தாவது கியர் மட்டும் மற்ற நான்கோடு சேராமல், பாக்ஸின் ஓரத்தில் தனி மூடிக்குள் இருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் காய்வதும் கத்துவதும் அதுதான். அந்த மூடியைத் திறந்து ஐந்தாவது கியர் ஜோடியை மட்டும் மாற்றி, வேறு விகிதம் உள்ளதைப் போடலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய வோக்ஸ்வேகன் கோல்ஃப் டீசல் வைத்திருப்பவர்கள் இதைத்தான் வெகுகாலமாகச் செய்கிறார்கள். முதல் நான்கு கியர் அப்படியே இருப்பதால் மேடு ஏறுகிற இழுவை குறையாது, நெடுஞ்சாலையில் மட்டும் எஞ்சின் ஆறுதலாக ஓடும். சிறிய வேலை, பெரிய பலன்.

முழுப் பாக்ஸையும் ஏற்றும்போது நல்ல கை எது என்று பார்க்க நான் கவனிப்பது அளவெடுக்கிற நேரத்தை. இரண்டு பாக்ஸையும் சாக்கு விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெல் ஹவுசிங்கின் ஆழம், இன்புட் ஷாஃப்டின் நீளம், கிளட்ச் பிளேட்டின் பல், ரிலீஸ் பேரிங் நகரும் தூரம் எல்லாவற்றையும் காலிப்பர் வைத்து அளந்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும். எஞ்சினையும் பாக்ஸையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது சுண்டுவிரல் அளவுள்ள இரண்டு டவல் பின்கள். பழைய பின் துருவேறி வரவில்லை என்று அதை விட்டுவிட்டுப் போல்ட்டை மட்டும் இறுக்கினால், முடியளவு கோணல் சில மாதங்களில் பேரிங்கைத் தின்றுவிடும். டிரைவ் ஷாஃப்ட் சற்றுக் குட்டையானால் பள்ளத்தில் இறங்கும்போது ஜாயின்ட் கழன்றுவிடும், நீளமானால் முட்டும். ஸ்பீடோமீட்டர் பாக்ஸிலிருந்தே கணக்கெடுக்கிற வண்டியாக இருந்தால், புதுப் பாக்ஸுக்குப் பிறகு முள் பொய் சொல்லும். இதைச் சொல்லாமல் சாவியைக் கையில் கொடுப்பவர் வேலையை முடிக்கவில்லை.

கையில் கிடைத்ததை வைத்து வண்டியை ஓடவைக்கும் இந்தப் புத்தி திடீரென்று முளைத்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரி வாயுக் கலன் செய்து பேருந்துகளில் பொருத்தியது. பிறகு பெட்ரோல் லாரிகளில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் ஏறியது, சென்னை சிம்ப்சன் கம்பெனி அதை இங்கேயே தயாரித்தது. கிராமத்து வயசாளிகளுக்கு இன்றும் 'சிம்ப்சன் எஞ்சின்' என்றால் தெரியும். 1990-களில் இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பாக்ஸும் அம்பாசிடரில் வந்ததும், ஸ்டியரிங் பக்கத்தில் கை கியர் இருந்த பழைய அம்பாசிடர்களுக்கும் அந்தப் பாக்ஸ் தேடிப் போனார்கள். கம்பெனி நிறுத்திய இடத்திலிருந்து பட்டறை தொடர்கிறது.

அந்தக் காலத்துச் சிற்பிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்ப்பார்கள் என்பது நம் மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் வழக்கு. கொடுங்கை என்பது கல்லில் வளைத்துச் செதுக்கிய கூரை விளிம்பு. அவ்வளவு கைவந்தவர்கள், தங்களால் முடியாததை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். பட்டறைகளையும் நான் அந்த வரியை வைத்தே மதிப்பிடுகிறேன். "அண்ணே, இந்தப் பாக்ஸ் செட்டாகுமா?" என்று கேட்டதும் "பண்ணிடலாம் தம்பி" என்று வருகிற பதில் எனக்குப் பயம். "இண்டிகோ பாக்ஸ்னா ஏத்தித் தரேன். ஃபியட் பாக்ஸ்னா தகடு வெட்டி வெல்டிங் வைக்கணும், அது வேண்டாம், அந்த வேலையை நான் எடுக்கறதில்ல" என்கிறவரிடம் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு விடலாம். தகடு வெட்டி, மவுண்டிங் புதிதாக வார்த்து, வேற்றுக் கம்பெனிப் பாக்ஸை ஓட வைக்கிற கைகளும் உண்டு. பார்க்க வியப்புதான். ஆனால் நடுராத்திரி விமான நிலையத்துக்குப் போகிற காருக்கு அந்த வியப்பு தேவையில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் எஞ்சின் எண், சேஸி எண் இரண்டும் இருக்கும், கியர்பாக்ஸ் எண்ணுக்கு இடமே இல்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு முரணான மாற்றம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் உண்டு. அதே வகைப் பாக்ஸை மாற்றுவது பழுதுபார்ப்பு. சேஸியை வெட்டத் தொடங்கினால் அது வேறு விவகாரம். சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது.

வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மெக்கானிக் அளவெடுக்கிற நாளுக்கும் கூலி கொடுங்கள், அந்த நாளில் அவர் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாவிட்டாலும் சரி. வேலை முடிந்ததும் உங்கள் பழைய கியர்பாக்ஸைப் பட்டறையில் விட்டுவராமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே ஆயில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, மாட்டுக்கொட்டகை ஓரத்திலாவது போட்டுவையுங்கள். ஏற்றியது ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போக வழி அது ஒன்றுதான்.