இழைய இறப்பும் அழுகலும்



கொடிகாமம் சந்தைக்குத் தேங்காய் கொண்டுவரும் கமக்காரர் ஒருவரின் காலைப் பனங்கருக்குக் கீறிவிட்டது என்க. அவர் பல ஆண்டுகளாகச் சீனி வருத்தம் உடையவர். காயத்தில் நோவில்லை. சில நாளில் பெருவிரல் கறுத்து வற்றுகின்றது. “நோவுமில்லை, நாற்றமுமில்லை, ஆதலால் இஃது அழுகலன்று” என அவர் ஆறுதல் கொள்கின்றார். அந்த ஆறுதலே அவருக்குப் பகையாகின்றது.

மருத்துவர் ‘நெக்ரோசிஸ்’ என வழங்குவது கிரேக்க மொழியில் பிணத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. உடல் உயிரோடிருக்க, அதன் ஒரு பகுதியிலுள்ள உயிரணுக்கள் மாண்டுபோதலே அதன் பொருள். இலங்கையில் இழையம் என்பதைத் தமிழ்நாட்டார் திசு என்பர். எனவே இதனை இழைய இறப்பு எனலாம். மாரடைப்பில் இதயத்தசையின் ஒரு பகுதி இறக்கின்றது. ஆயினும் அங்கே அழுகல் இல்லை. ஆகவே இறப்பு வேறு, அழுகல் வேறு.

‘காங்கிரீன்’ என்பது, பெரும்பாலும் குருதியோட்டம் தடைப்படுவதால், கால், விரல் போன்ற பகுதிகளில் பரந்து நிகழும் இழைய இறப்பாகும். அது உலர்ந்த வகையாயின் உறுப்புக் கறுத்துச் சுருங்கும். நாற்றம் பெரிதும் இராது. கிருமி புகுந்த ஈர வகையாயின் வீக்கமும் நாற்றமும் தோன்றி, விரைவிற் பரவி உயிருக்கே இறுதி தேடும். இரண்டையும் அழுகல் என ஒரே பெயரால் அழைப்பதாலேயே உலர்ந்த வகையைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

மருத்துவச் சொற்களைத் தமிழில் விளங்கவைக்கும் முயற்சி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர்தம் ‘இரண வைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. நோயாளியின் மொழியிலேயே நோயை எடுத்துரைக்கும் நெறியை அவர் காட்டிச் சென்றார்.

இறந்த இழையம் மருந்தால் மீண்டும் உயிர்பெறாது. ஆனால் குருதியோட்டத்தைச் சீராக்கிக் கிருமியை அடக்கினால், அடுத்துள்ள இழையத்தைக் காக்கலாம். சீனி வருத்தம் நரம்பின் உணர்வைக் குறைக்கும். எனவே நோவின்மை நலத்தின் அறிகுறியாகாது. அக்கமக்காரர் விரல் கறுத்த அன்றே மருத்துவமனை சென்றிருப்பின், விரலோடு போவது காலளவும் செல்லாதிருக்கலாம். நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்திருப்பின், விரலுங்கூடத் தப்பியிருக்கலாம்.