துண்டுபட்ட திணை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய மேடையில் காட்டு விலங்கு ஒன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது விலங்கைத் தனியே எடுத்து நிறுத்தவில்லை. தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் இவற்றோடு ஒரே வரிசையில் வைத்தார். ஒரு நிலத்தில் ஒன்று இருக்க வேண்டுமானால் மற்றவையும் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் பழையது. இன்றைய சூழலியல் அறிஞர்கள் தரவுகளோடு சொல்வதும் ஏறக்குறைய இதையே. எனவே பேச்சின் பொருள் நமக்கு அந்நியமானதன்று. நிலம் மட்டுமே அந்நியம். நான் பேசப்போவது ஐபீரியத் தீபகற்பத்தைப் பற்றி, அதாவது ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் பற்றி.

அது மத்தியதரைக்கடல் பருவநிலை கொண்ட நாடு. மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை நீண்டு வறண்டு கிடக்கும். கருவாலி மரங்களும் தக்கை மரங்களும் இடைவெளி விட்டு நிற்க, அவற்றினடியில் ஆடுமாடுகளும் கரும்பன்றிகளும் மேயும் நிலத்தை ஸ்பானியர்கள் 'தெஹேசா' என்கிறார்கள். அது மனிதன் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டியும் மேய்த்தும் உருவாக்கிய நிலம். அதை ஒட்டி, புகுந்து செல்ல முடியாத அடர்ந்த புதர்க்காடு. இந்தப் புதரும் புல்வெளியும் மாறிமாறி வரும் இடத்தில்தான் நம் கதைத் தலைவன் வாழ்கிறான். ஐபீரிய லின்க்ஸ் என்பது அவன் பெயர். உடலெங்கும் புள்ளிகள், காது நுனியில் கருமயிர்க் குச்சம், கன்னத்தில் தாடி, குட்டை வால். பத்துப் பன்னிரண்டு கிலோ எடை. கூரிய பார்வை உடையவரை 'லின்க்ஸின் கண் உடையவர்' என்று அந்நாட்டார் சொல்வது வழக்கம்.

இந்த விலங்குக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது ஏறக்குறைய ஒரே இரையை நம்பி வாழ்கிறது. அதன் உணவில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு முயல். வளர்ந்த விலங்கு ஒன்றுக்கு நாளைக்கு ஒரு முயல் வேண்டும். குட்டிகளை உடைய தாய்க்கு மேலும் அதிகம். முயல் அந்த மண்ணின் பூர்வ குடி. பினீஷிய வணிகர்கள் கரையிறங்கியபோது எங்கும் முயல்களைக் கண்டு தம் நாட்டு விலங்கு ஒன்றின் பெயரை இட்டார்கள், அதுவே 'ஹிஸ்பானியா' ஆயிற்று என்று ஒரு சொற்பிறப்புக் கதை உண்டு. மொழியறிஞர் எல்லோரும் ஏற்காவிட்டாலும், முயலின் பெயரால் ஒரு நாடு அறியப்பட்டது என்று நம்பத் தோன்றும் அளவுக்கு அங்கே முயல் பெருகியிருந்தது.

இனி அழிவின் வரலாறு. 1952 ஜூனில் பிரான்சில் ஆர்மான் தெலீல் என்னும் ஓய்வுபெற்ற மருத்துவர், மதில் சூழ்ந்த தம் பண்ணையில் முயல் தொல்லையை ஒழிக்க எண்ணி, மிக்ஸோமா நச்சுயிரை இரண்டு முயல்களுக்கு ஊசி வழியே செலுத்தி விட்டார். மதில் நோயைத் தடுக்கவில்லை. மறு ஆண்டே அது ஸ்பெயினுக்குள் நுழைந்தது. மேற்கு ஐரோப்பா முழுவதும் முயல்கள் கண் வீங்கி, குருடாகி மடிந்தன. நீதிமன்றம் அவருக்கு ஐயாயிரம் பிராங்கு அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டே வனத்துறையினர் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தார்கள். ஒரே செயலுக்குத் தண்டனையும் பரிசும்! முயல் என்பது பயிரைத் தின்னும் தொல்லையா, காட்டைத் தாங்கும் தூணா என்பதில் அக்காலச் சமூகமே ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மிஞ்சிய முயல்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றுத் தலைதூக்கிய காலத்தில், 1980களின் இறுதியில், குருதிக்கசிவு நோய் வந்தது. 2011 அளவில் அந்நோயின் புதிய வடிவமொன்று ஸ்பெயினை அடைந்து குட்டி முயல்களையும் கொன்றது.

முயல் சாய்ந்ததும் லின்க்ஸ் சாய்ந்தது. அதே காலத்தில் ஸ்பானிய அரசு 'தீங்கு செய்யும் விலங்குகளை' ஒழிக்க மாவட்டந்தோறும் குழுக்கள் அமைத்து, கொன்றவர்க்குப் பணமும் கொடுத்தது. கண்ணி, நஞ்சு, துப்பாக்கி மூன்றும் வேலை செய்தன. சட்டப் பாதுகாப்பு வருவதற்குள் காட்டின் பெரும்பகுதி தைல மரத் தோப்பாகவும் வயலாகவும் அணையாகவும் சாலையாகவும் மாறியிருந்தது. 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உலகிலேயே நூற்றுக்கும் குறைவான லின்க்ஸ்களே எஞ்சியிருந்தன. அவையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு இடங்களில்: தொன்யானாவின் கடலோர மணற்காட்டிலும், சியெரா மொரேனா மலைத்தொடரிலும்.

அன்பர்களே, இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். பலவகை நிலம் கலந்து கிடப்பது வேறு. நிலம் துண்டுபடுவது வேறு. புதரும் புல்லும் மரமும் மாறிமாறி வருவது லின்க்ஸுக்கு வாழ்வு. மனிதன் வாழ்ந்து உழைத்த நிலத்தில்தான் அது வாழ்ந்தது. மனிதன் இருப்பதே அதற்குக் கேடு என்பது சரியான கூற்றன்று. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செல்லும் வழி அறுபடுவதே கேடு. தொன்யானாவில் கழுத்துப் பட்டை ஒலிபரப்பியால் விலங்குகளைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். பாதுகாக்கப்பட்ட நடுப்பகுதியில் குட்டிகள் பிறந்தன. வளர்ந்த இளம் விலங்குகள் தமக்கென ஓரிடம் தேடி எல்லைக்கு வெளியே சென்றன. சென்றவற்றில் பல சாலையிலும் கண்ணியிலும் மடிந்தன. ஊற்று சுரந்துகொண்டேயிருக்க, நீர் முழுவதையும் மணல் குடித்துவிடுவது போன்றது அது. வேலிக்குள் காப்பதால் மட்டும் ஓரினம் பிழைக்காது என்பது அதன் பாடம்.

இன்னொரு கண்டுபிடிப்பையும் சொல்ல வேண்டும். லின்க்ஸ் உள்ள இடத்தில் முயல் குறையும் என்றே வேட்டைக்காரர்கள் நினைத்தார்கள். 1995இல் தொன்யானா ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. லின்க்ஸ் இருந்த இடங்களில் முயல் கூடுதலாக இருந்தது. காரணம், லின்க்ஸ் கீரிகளைக் கொன்றும் விரட்டியும் விடுகிறது. அவை தின்றிருக்கக்கூடிய முயல்கள் பிழைக்கின்றன.

இவ்வாய்வுகளில் முன்னின்றவர்களுள் ஒருவர் மிகேல் தெலீபெஸ் தெ காஸ்த்ரோ. அவருடைய தந்தை மிகேல் தெலீபெஸ், காஸ்தீலிய நாட்டுப்புறத்தை எழுதிய பெரும் நாவலாசிரியர், தாமே வேட்டைக்காரர். 1975இல் ஸ்பானிய மொழிக் கழகத்தில் உறுப்பினராக ஏற்கப்பட்டபோது, அவர் மொழியையோ தம் முன்னோரையோ பற்றி மட்டும் பேசி அமையவில்லை. முன்னேற்றம் என்ற பெயரால் இயற்கை சூறையாடப்படுவதைப் பற்றிப் பேசினார். முப்பது ஆண்டுகள் கழித்துத் தந்தை கேட்க மகன் விடை சொல்லும் உரையாடலாக இருவரும் சேர்ந்து ஒரு நூலும் எழுதினார்கள். எழுத்தாளனின் கவலையும் அறிவியலாளனின் கணக்கும் ஒரே குடும்பத்தில் ஒரே மேசையில் அமர்ந்த காட்சி அது.

மீட்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 மார்ச்சில் சலியேகா என்னும் பெண் லின்க்ஸ் காப்பகத்தில் மூன்று குட்டிகளை ஈன்றது. மனிதர் பொறுப்பில் இவ்வினம் குட்டி போட்டது அதுவே முதல் முறை. சில வாரங்களில் உடன்பிறப்புகளின் சண்டையில் ஒரு குட்டி இறந்தது. அதன்பின் அந்த வயதுக் குட்டிகளைக் கண்காணிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வோராண்டும் பிறக்கும் குட்டிகளுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பொருளுதவி செய்தது. வேட்டை நில உடைமையாளர்களோடு உடன்பாடு செய்து முயலைக் காத்தார்கள். சாலைக்கு அடியில் விலங்குகள் கடக்க வழி அமைத்தார்கள். தனித்தனியே ஒதுங்கிக் கிடந்த இரு கூட்டங்களின் குருதியையும் கலந்தார்கள். ஆந்தலூசியாவின் புதிய பள்ளத்தாக்குகளிலும், பின்னர் தொலேதோ மலைகளிலும், எஸ்த்ரமதூராவிலும், போர்ச்சுகலின் குவாதியானா ஆற்றுப் பகுதியிலும் லின்க்ஸ்கள் விடப்பட்டன. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவற்றின் தொகை 2,401. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவ்வாண்டு ஜூனில், 'அருகிவரும்' நிலையிலிருந்து ஒரு படி இறக்கி 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய' இனமாக அறிவித்தது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் கெந்தாரோ என்னும் ஆண் லின்க்ஸின் பயணத்தையும் உடன் நினைக்க வேண்டும். 2014இல் தொலேதோ மலைப்பகுதியில் விடப்பட்ட அது, அங்கே தங்கவில்லை. வடக்கே சென்று, மேற்கே திரும்பி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து போர்ச்சுகலின் வடபகுதியை அடைந்தது. எத்தனை நெடுஞ்சாலை, எத்தனை ஆறு, எத்தனை இருப்புப்பாதை! 2016இல் போர்த்தோ நகருக்கு அருகே ஒரு சாலையில் வண்டி மோதி இறந்தது. இன்றும் லின்க்ஸ் சாவுகளில் பெரும்பகுதி சாலையில்தான் நிகழ்கிறது. எண்ணிக்கை பெருகிவிட்டது, வழி இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

மற்றொரு செய்தி பலர் காதில் விழவேயில்லை. 2019இல் அதே ஒன்றியம் முயலை, அதன் சொந்த மண்ணில், 'அருகிவரும்' இனமாக அறிவித்தது. உண்பவனின் நிலை உயர்ந்திருக்கிறது. உணவின் நிலை தாழ்ந்திருக்கிறது. இது நெடுநாள் நிற்கக்கூடிய கணக்கன்று.

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இங்கிருந்துதான் பிறக்கிறது. அழகும் வீரமும் உடைய விலங்குகளை மொழி எளிதில் பாடிவிடுகிறது. பாடப்பட்டதற்குப் பெயரும் பணமும் பாதுகாப்பும் வந்து சேர்கின்றன. லின்க்ஸுக்குப் பெயர் இருக்கிறது. அதற்கு இரையாகும் முயலுக்குப் பெயரில்லை. அவ்விரண்டும் ஒளியும் புதருக்கும், கடக்கும் வழிக்கும் அதுவுமில்லை. புதரைத் தரிசு என்றும் முயலைத் தொல்லை என்றும் சொல்லிப் பழகிய நாவே அவை அழிய முதல் இசைவைத் தந்தது. எதை எப்படிப் பெயரிட்டு அழைக்கிறோம் என்பது கவிஞர்களின் துறை. எண்ணுவதை அறிவியலார் செய்துகொள்வார்கள். எண்ணத் தகுந்தது எது என்று ஒரு சமூகத்துக்குச் சொல்லும் பொறுப்பில் உங்களுக்கும் பங்குண்டு.

750 பெண் லின்க்ஸ்கள் குட்டி ஈனும் நிலையை எட்டினால்தான் அவ்வினம் உறுதியாகப் பிழைத்தது என்று சொல்ல முடியும் என வல்லுநர்கள் கணித்திருக்கிறார்கள். 2024இல் அத்தகைய பெண் விலங்குகள் 470. பாதிக்கு மேல் கடந்தாயிற்று. எஞ்சிய தொலைவு முயலின் கையில் இருக்கிறது.