காலில் வீக்கம், இடுப்பில் வேர்

முழங்காலின் கீழே நீலநிறமாகப் புடைத்து, கயிறுபோல் முறுகிக் கிடப்பவற்றை வீடுகளில் நரம்பு முடிச்சு என்பர். நரம்புக்கும் அவற்றுக்கும் தொடர்பு யாதுமில்லை. அவை குருதியை இருதயத்துக்கு மீட்டுச்செல்லும் நாளங்கள். ஏறிய குருதி மீளக் கீழிறங்காவண்ணம் அவற்றினுள்ளே ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் உள. இத்தாலிய அறிஞர் பப்ரீசியஸ் 1603இல் இவற்றை விவரித்தார். அவர்தம் மாணாக்கர் வில்லியம் ஹார்வி 1628இல் இவற்றின் பயனை விளக்கினார். வால்வு பழுதுற்றால் குருதி தேங்கும், நாளம் புடைக்கும்.

பெரும்பாலார்க்குப் பழுது காலிலேயே உண்டு. ஆனாற் சிலருக்கு, சிறப்பாகப் பிள்ளைகள் பலரைப் பெற்ற தாய்மாருக்கு, அது இடுப்பினுள்ளே இருக்கும். கருக்காலத்தில் விரிந்த சூலக நாளங்கள் சில, பேற்றின்பின் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. இடப்புறத்தது பெரும்பாலும் முதலிற் கெடும். தேங்கிய குருதி மறைவிடத்தின் ஓரமாகவும் தொடையின் பின்புறமாகவும் வழிதேடிக் காலை அடைகிறது.

அத்தாய்க்குக் காலில் மட்டும் சத்திரசிகிச்சை செய்கின்றனர். சில ஆண்டுகளில் நாளங்கள் மீண்டும் புடைக்கின்றன. அடுப்படியில் நெடுநேரம் நின்றதன் பலன் என்று வீட்டார் அவளையே குறைகூறுவர். மாலைதோறும் அடிவயிறு கனத்து நோவதை அவள் எவருக்கும் சொல்லியிராள். நாணம் ஒரு காரணம். கேட்டவர் எவருமிலர் என்பது மற்றையது. பின்னதே பெரிது.

கேட்டறிந்தால், ஸ்கான் பரிசோதனை மூலம் பழுதின் இடத்தைக் காணலாம். கழுத்திலோ தொடையடியிலோ உள்ள நாளத்தினூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கெட்ட நாளத்தைச் சிறு உலோகச் சுருள்களால் அடைப்பது ஒரு சிகிச்சை. சூலக நாளத்தில் இதனைச் செய்த செய்தி 1993இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. வயிற்றைக் கீறவேண்டியதில்லை. இடது இடுப்பு நாளத்தை அதன்மேற் செல்லும் நாடி அமுக்குவதும் உண்டு. மே, தேர்னர் என்போர் 1957இல் இதனை விவரித்தனர். அமுக்கம் கடுமையாயின், அவ்விடத்தை விரித்து வைக்கும் வலைக்குழாய் பொருத்துவர்.

எனினும், இடுப்பில் நோவில்லாதார்க்குச் சுருளை வைக்க விரைதல் தகாது. தொடையிலும் காலிலும் புடைத்த நாளங்களுள் நுரைமருந்தை ஊசியால் ஏற்றுவதே அவர்களுட் பலருக்குப் போதும். கருவுற்ற பெண்ணுக்கோ இவை எவையும் அப்போது வேண்டா. அழுத்தக் காலுறை அணிந்து, இடையிடையே காலை உயர்த்தி வைத்தால் நோவு தணியும். பேற்றுக்குப்பின் சில மாதங்களில் வீக்கம் பெரும்பாலும் தானே வற்றும். வற்றாது நின்றதையே வைத்தியரிடம் காட்டல் வேண்டும். அடிவயிற்று நோவையும் அவரிடம் அப்போதே சொல்லல் வேண்டும்.