கோலமும் கணினியும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கணினியைப் பற்றிப் பேச வந்தவன் கோலத்தில் தொடங்குகிறானே என்று நகைக்க வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசன் அம்மையாரும், நம் பெண்கள் இடும் கோலங்களை ஆராய்ந்தார்கள். அவற்றின் அமைப்பைக் கணினிக்குரிய இலக்கண விதிகளாக எழுதி, 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்மணிகள் என்பதையும் கவனியுங்கள்.

‘ஏழு புள்ளி, ஊடு புள்ளி, நாலில் நிறுத்தம்’ என்று நம் வீட்டுப் பெண் சொல்கிறாள். எங்கே தொடங்குவது, எப்படிக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றும் அதில் அடங்கிவிட்டன. கணினிக்கு எழுதும் நிரலும் இத்தகைய கட்டளை வரிசையே. பால் சங்கத்தில் கொழுப்புச் சத்தைப் பார்த்து விலை கணக்கிட்டு இயந்திரம் சீட்டு அளிக்கிறதே, அதற்கும் யாரோ ஒருவர் எழுதிய நிரல்தான் காரணம். அவர் நம் ஊர்ப் பெண்ணாக இருக்கலாகாதா?

கற்பதற்கு வழி உண்டு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுப்பவர்கள் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியையும் தமிழ்ப் பாடநூல் கொண்டே பயிலலாம்.

சென்ற ஆண்டு ஓர் ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணொருத்தியைக் கண்டேன். வீட்டில் மடிக்கணினி இருந்தது. “நீ அதைத் தொட்டதுண்டா, அம்மா?” என்று வினவினேன். “அண்ணன் தூங்கிய பிறகு கொஞ்ச நேரம், ஐயா” என்றாள். அந்நேரத்தில் தானாகவே வாய்பாடு அச்சிடும் நிரலொன்றை எழுதியிருந்தாள்! ஆயினும் அவளைக் கணினிப் பிரிவில் சேர்க்கத் தந்தையார் இசையவில்லை. அவர் கடுமையானவர் அல்லர். அப்பிரிவு உள்ள பள்ளி அடுத்த ஊரில் இருக்கிறது. செய்முறை வகுப்பு முடிவதற்குள் ஆறு மணிப் பேருந்து போய்விடும், அடுத்தது எட்டரைக்கு. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் 2021-இலேயே நீக்கப்பட்டது. இங்கே தடை காசு அன்று, அரை மணி நேரமே.

இதைத் தந்தை ஒருவர் தனியே தீர்க்க இயலாது, ஊராட்சி தீர்க்கலாம். பேருந்து நேரத்தை மாற்றும்படி கிராம சபையில் தீர்மானம் இயற்றி அனுப்பலாம். அதுவரை, வகுப்புள்ள நாட்களில் பெண்களை அழைத்துவர ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். வீட்டு மடிக்கணினியில் மகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது மட்டும் பெற்றோரின் பொறுப்பு.

பள்ளிச் சேர்க்கை ஜூன் மாதத்தில் நடைபெறும். அதற்கு முன் மே 1-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தின் நகலொன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தலைவரிடம் கொடுத்துச் செல்கிறேன். பேருந்தின் எண்ணையும் நேரத்தையும் நிரப்பினால் போதும்.