பத்தமடைப் பாயும் வாங்க வந்தவரும்



பத்தமடையில் கோரைப்பாய் நெய்து விற்கும் பெண்டிரிடம் வருவோர் பலர், விலையைக் கேட்டதும் பிளாஸ்டிக் பாயின் விலையை எடுத்துச் சொல்வர். அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. தேர்ந்த நெசவாட்டி பட்டுப்பாயைத் துணிபோல் மடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். கோரையை நுண்ணிதாகக் கீறி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, உலர்த்தி, பருத்தி நூற்பாவில் நெய்யும் வரலாறு அதன்பின்னரே தொடங்கும்.

மணமக்கள் பெயரைப் பாயில் நெய்து கேட்போரும் உண்டு. அவ்வாறு ஒரு தந்தையார், மகள் திருமணத்திற்கு 20 நாளே இருக்கையில் வந்தார். மாதக்கணக்கில் ஆகும் என்றாள் நெசவாட்டி. இரட்டை விலை தருவதாகச் சொன்னார்.

“இரட்டை விலை கொடுத்தால் வெயில் கூடுதலாய் அடிக்குமா, அண்ணாச்சி? கோரை காய வேண்டாமா?”

முரட்டுப் பாய் ஒன்று நெய்து முடிந்து கிடந்தது. அதில் சாயத்தால் பெயரெழுதிக் கொடுத்திருக்கலாம். அவருக்கு வேறுபாடு தெரிந்திராது. அவள் கொடுக்கவில்லை. சினந்து எழுந்தவர், வாயில்வரை சென்று திரும்பி முன்பணம் வைத்தார்.

திருமணம் அப்பாயின்றியே நடந்தது. சில திங்கள் கழித்து மணமக்களே வந்து, தத்தம் பெயரை விரலால் தடவிப் பார்த்துப் பெற்றுச் சென்றனர். பேரம் பேசவில்லை.