பெட்டி நிறுக்கும் தராசுக்கும் முத்திரை உண்டு

(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எங்கள் வடசென்னையில் தராசு இல்லாமல் பிழைப்பு இல்லை. காசிமேட்டில் மீன், எண்ணூரில் கருவாடு, எல்லாமே எடைதான். வழியில் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். சரிபார்த்த எடை தெரியாமல் சரக்கு கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க விதி இருக்கிறது. கப்பலுக்கே இவ்வளவு கவனம் என்றால், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் நாம் அவன் பெட்டி எடையில் கவனமாக இருக்க வேண்டாமா?

துபாய், குவைத் வேலைக்குப் பல வீடுகளில் கடன் வாங்கித்தான் அனுப்புகிறோம். விமான நிலையத்தில் "மூணு கிலோ கூடுதல், பணம் கட்டுங்க" என்றால் கைச்செலவுக்கு வைத்த காசு போயிடும். இல்லாவிட்டால் ஊறுகாயும் கருவாடும் வெளியே வந்துவிடும். பின்னால் வரிசை நிற்கும்போது கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

ஆனால் கேட்கலாம். எடை பார்த்துக் காசு வாங்கும் தராசு எங்கே இருந்தாலும், மீன் கடையோ விமான நிலையமோ, சட்டம் ஒன்றுதான். அது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். எலக்ட்ரானிக் தராசை வருஷத்துக்கு ஒரு முறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும். அதற்கான சான்றிதழைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். நம் மாநிலத்தில் இந்த வேலையைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

எந்தத் தராசிலும் சிறு வித்தியாசம் இருக்கும். 100 கிராம் பிரிவு உள்ள தராசில் 20 கிலோ வைத்தால், 100 கிராம் கூடவோ குறையவோ காட்டுவதை விதி அனுமதிக்கிறது. ஒரு கிலோ வித்தியாசத்தை அனுமதிக்காது.

ஆகவே வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்:

1. பெட்டி வைக்கும் முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கணும்.

2. பெட்டியின் வாரோ சக்கரமோ பக்கத்தில் எதிலும் இடிக்கக் கூடாது. அதன் மேல் யார் கையும் காலும் படக் கூடாது.

3. சந்தேகம் இருந்தால், "பக்கத்துத் தராசில் ஒரு முறை போடுங்க" என்று மரியாதையாகக் கேட்கணும்.

4. அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் சண்டை வேண்டாம், விமானம் போய்விடும். பணம் கட்டி ரசீது வாங்கி, தராசு காட்டும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வீட்டிலேயே நிறுத்துப் போவது இன்னும் நல்லது. தொங்கு தராசு வாங்கினால் முதலில் அதைச் சோதியுங்கள். வெறும் குடத்தை நிறுங்கள். ஒரு லிட்டர் அளவால் பத்து முறை தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுங்கள். பத்து கிலோ கூடியிருக்கணும். எத்தனை கிலோ அனுமதி என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். அதற்கு ஒரு கிலோ குறைவாகக் கட்டுங்கள். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாகப் பணம் கட்டினாலும் ஏற்க மாட்டார்கள். அதைத் தூக்குகிற தொழிலாளிக்கும் இடுப்பு இருக்கே!

கடைசியாக ஒன்று. நாமும் விற்கிறவர்கள்தான். நம் கருவாட்டுத் தராசுக்கு இந்த வருஷ முத்திரை இருக்கிறதா? அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தராசையும் ஒரு குடம் தண்ணீரையும் கொண்டு வாருங்கள், எல்லோரும் சேர்ந்து சோதிப்போம். நம் தராசு சரியாக இருந்தால்தான் அடுத்தவர் தராசைத் தைரியமாகக் கேள்வி கேட்க முடியும்.