எந்த நீதியைப் போதிப்பது?



பள்ளியில் நீதிபோதனை வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டும் என்கிறோம். எந்த நீதி என்பதே கேள்வி. 'அடங்கி நட' என்பதுதான் நீதியென்றால், தஞ்சைப் பண்ணையாள் சவுக்கடியிலும் சாணிப்பாலிலும் அதைத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவிட்டான்! தோழர் பி. சீனிவாசராவ் திரட்டிய விவசாயிகள் சங்கம் 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் அந்தக் கொடுமைகளுக்குத் தடை எழுதவைத்தது. 1950-ல் அமலான அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது.

ஆனால் 2023-ல் நெல்லைச் சீமையின் நாங்குநேரியில், தலித் மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பின்னர் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது. கயிறு அவிழ்ந்தால் போதுமா? மனமும் அவிழ வேண்டாமா? சட்டத்தின் 17-வது பிரிவும், சவுக்கை ஒழித்த சங்கத்தின் கதையும் பாடமாகட்டும். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே. அங்கே போய் உட்காருவோம், கேட்போம்!